பெயர் கேட்காத கையேடு

இன்று காலை அலுவலகப் போர்டைத் துடைப்பதற்காக மேசைக்கு அடியில் கையை விட்டேன். நீ வைத்துவிட்டுப் போன பனியன் வேஸ்ட் மூட்டையில் கடைசித் துண்டு அகப்பட்டது. கடுகு நிறம். எந்தக் கம்பெனியில் இருந்து அதை நீ எடுத்து வந்தாய் என்று எனக்குத் தெரியும். அதில் மார்க்கர் மையின் வாடை இன்னும் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும், "டீச்சர், மூலையில விட்டுப்போட்டீங்க பாருங்க, அங்கயும் ஒரு இழு இழுங்க" என்று பின்னால் நின்று நீ சொல்வது காதில் கேட்டது. போர்டைத் துடைக்க மனம் வரவில்லை. துணியை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இன்றைக்குக் கோபம். நீ இருந்தால் முதலில் டீ சொல்வாய். வறுக்கியை டீயில் முக்கித் தின்றுகொண்டே நான் கத்துவதை எல்லாம் கேட்பாய். கேட்டு முடித்ததும், "சரிங்க, அதுக்கு மிந்தி என்ன நடந்துச்சு?" என்பாய். எனக்கு அப்போதுதான் கோபம் இன்னும் ஏறும். இன்றைக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. டீ ஆறிப்போய் ஏடு படிந்து கிடக்கிறது. கோபம் மட்டும் சூடாக இருக்கிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீ போன பிறகு உன் வீட்டார் நாம் செய்த சாஃப்ட்வேரை, நம் கருவியைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நடத்துவதற்கு ஆள் வேண்டும், அவர்களிடம் ஆள் இருக்கிறது. என்னையும் கலைவாணியையும் அதே வேலையில் வைத்துக்கொண்டார்கள். நேற்று அங்கிருந்து ஒரு மெயில் வந்தது. அந்தக் கருவிக்கு நான் எழுதிய கையேட்டில் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டுமாம். இனிமேல் கருவி தருகிற ஒவ்வொரு அறிக்கையின் உச்சியிலும், கணினித் திருடனிடம் முதலில் ஏமாந்த ஊழியரின் பெயர் சிவப்பு எழுத்தில் வருமாம். அதை எப்படிப் படிப்பது, அந்த ஊழியரிடம் எப்படி விளக்கம் கேட்பது என்று புது அத்தியாயம் ஒன்று எழுதித் தர வேண்டுமாம். 'குற்றவாளி' என்ற சொல்லை அவர்கள் போடவில்லை. 'பொறுப்பாளர்' என்று மரியாதையாகப் போட்டிருந்தார்கள். மரியாதையைப் பார்த்தாயா!

நான்காம் அத்தியாயம் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பேசியதை நான் எழுதிய அத்தியாயம் அது.

நீ என்னைக் கண்டுபிடித்த கதையை நினைத்தால் இந்தக் கோபத்திலும் சிரிப்பு வருகிறது. நல்லூரில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது நான் தமிழ் ஆசிரியை. பக்கத்து நிட்டிங் யூனிட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பள்ளி வாசலில்தான் வண்டியை நிறுத்துவார்கள். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எழுதிப் பார்த்தார்கள். ஒருவரும் சட்டை செய்யவில்லை. தலைமையாசிரியை என்னை எழுதச் சொன்னார். நான், 'இங்கே வண்டி நின்றால் பள்ளி வேன் நடு ரோட்டில் நிற்கும். பிள்ளைகள் லாரிக்கு முன்னால் இறங்குவார்கள்' என்று எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு வண்டிகள் கொஞ்சம் தள்ளி நின்றன. அந்த வழியாகப் போன நீ அதைப் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போன் போட்டு, "அந்தப் போர்டு எழுதுனவங்ககிட்டப் பேசோணுங்க" என்றாய். யாரோ வண்டிக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, நானும் சண்டைக்குத் தயாராகத்தான் போனை வாங்கினேன்.

"ஏனுங்க, எல்லாரும் செய்யாதேன்னுதான் எழுதறாங்க. நீங்க ஏன்னு எழுதியிருக்கறீங்க. எனக்கு அப்பிடி எழுதற ஆளுதான் வேணுமுங்க. ஒரு சாஃப்ட்வேருக்கு."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல மார்க் போட மட்டும்தான் தெரியும்," என்றேன்.

"அதானுங்க வேணும். தெரிஞ்சவங்க எழுதுனா தெரிஞ்சவங்களுக்குத்தானுங்க புரியுது."

நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. நீ சேவூர்க்காரி. என் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம் இருந்து பனியன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். பழகிய கொஞ்ச நாளிலேயே நான் உன்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீ கடைசிவரைக்கும் எனக்கு 'வாங்க போங்க'தான். "என்னட்டி, கெழவிகிட்டப் பேசுத மாதிரி பேசுத?" என்று சண்டை பிடிப்பேன். "எங்கூர்ல நாய்க்குட்டியக்கூட வாங்கன்னுதானுங்க கூப்புடறோம். உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க கொறைக்கறது?" என்பாய்.

கருவியை எனக்கு விளக்க நீ ஒரு காலைப்பொழுதைச் செலவழித்தாய். போர்டில் கட்டம் கட்டமாக வரைந்தாய். "ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்குள்ள திருடன் பூந்துட்டான்னு வெய்ங்க. நேரா பெட்டகத்துக்குப் போகமாட்டான். மொதல்ல ஏதோ ஒரு மேசை. அங்க கெடைக்கற சாவிய எடுத்துட்டு அடுத்த ரூமு. அங்கிருந்து இன்னொண்ணு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கு நடந்ததை ஒரு மூலையில எழுதி வெச்சுக்குமுங்க. நம்ம டூலு அதையெல்லாம் ஒண்ணு சேத்து, அவன் வந்த தடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டும். ஒவ்வொரு அம்புக்குறிக்குக் கீழயும் தமிழ்ல ஒரு வரி வரோணும். அதுதான் உங்க சோலி."

நான் முதலில் அதற்குத் 'தாக்குதல் பாதை' என்று பெயர் வைத்தேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். "ஏனுங்க டீச்சர், பட்டாளமா வருது?" என்றாய். பிறகு 'வந்த தடம்' என்று நீயே எழுதினாய். 'அனுமதி மீறல் நிகழ்ந்துள்ளது' என்று நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, 'இந்த லாகினுக்கு எல்லா அறைகளின் சாவியும் கொடுக்கப்பட்டிருந்தது. அதனால் உள்ளே போக முடிந்தது' என்று மாற்றினாய். தமிழ் படித்தவள் நான், என் தமிழைத் திருத்த இவள் யார் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தால் நீ எழுதியதுதான் நன்றாக இருக்கும். அது அதைவிடக் கோபம்.

அப்போதே நீ ஒன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாய். தடத்தில் கணினிக்குப் பெயர் உண்டு, மேசைக்குப் பெயர் உண்டு, ஆளுக்குப் பெயர் கிடையாது. ஷிப்பிங் மேசை, ஸ்டோர் மேசை, சர்வர் அறை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். "போகப் போகத் தெரியுமுங்க" என்று மழுப்பினாய். தெரிந்தது அந்தக் கடுகு நிறத் துணி வந்த கம்பெனியில்தான்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் அந்த ஏற்றுமதிக் கம்பெனி. ஷிப்மெண்ட் வாரத்தில் எல்லாக் கணினிகளும் பூட்டிக்கொண்டு, திரையில் பணம் கேட்டு மிரட்டும் வரி ஒன்று மட்டும் நின்றது. நாம் போனபோது முதலாளி அறைக்கு வெளியே ஒரு பெண் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஷிப்பிங் பேப்பர்கள் போடுகிறவள். அவள்தான் கலைவாணி. நம்மைப் பார்த்து யாரோ என்று நகர்ந்து வழிவிட்டாள்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க," என்றார் முதலாளி. "ஆளைப் புடிச்சாச்சுங்க. வெளிய நிக்கறாளே, அவதான். கண்ட மெயிலயும் தொறந்து கம்பெனியவே சாச்சுப்போட்டா. நீங்க அதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா போதும், இன்சூரன்ஸ்காரங்களுக்குக் காட்டிக்கறேன்."

"எழுதிக் குடுக்கறமுங்க. டூலு ஓடி முடியட்டும். ஆனா ஒண்ணுங்க," என்றாய் நீ. "அறிக்கைய நான் படிக்கறப்ப அந்தப் புள்ளயும் உள்ள இருக்கோணும். இல்லீன்னா நான் படிக்கமாட்டனுங்க."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வேறு வழி இல்லை, சரி என்றார். அறிக்கை படிக்கிற நாளில் கான்ஃபரன்ஸ் அறைக்குப் போனால், போர்டு முழுவதும் ஷிப்மெண்ட் பிளான். நீ வெளியே போய், செக்கிங் பகுதியில் கிடந்த வேஸ்ட் மூட்டையில் இருந்து ஒரு கை நிறையக் கடுகு நிறத் துண்டுகளை அள்ளி வந்தாய். "அழிச்சுக்கலாமுங்களா?" என்று பணிவாகக் கேட்டாய். பதில் வருவதற்குள் பாதி போர்டை அழித்துவிட்டாய். மேனேஜர் பதறிப்போய் எழுந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

எல்லாரும் மெயிலில் இருந்து தொடங்குவாய் என்று காத்திருந்தார்கள். நீ கடைசியில் இருந்து தொடங்கினாய். போர்டின் வலது ஓரத்தில் ஒரு கட்டம். "பேக்கப் டிஸ்க்கும் சேந்து பூட்டிக்கிச்சு. ஏன்னா அது எப்பவும் சர்வர்லயே மாட்டியிருந்துச்சு. சரிங்க, அதுக்கு மிந்தி?" இன்னொரு கட்டம். "சர்வரு. அதைத் தொறந்தது ஒரு டையிங் யூனிட்டோட லாகின்."

அந்த யூனிட்டின் பெயரைக் கேட்டதும் முதலாளி நிமிர்ந்தார். "அவங்களோடதான் கணக்கு முடிச்சு ரொம்ப நாளாச்சுங்களே!"

"கணக்கு முடிச்சீங்க. லாகினை மூடலீங்க."

மேனேஜர்தான் பதில் சொன்னார். "மூடுனா தப்பா நெனச்சுக்குவாங்கம்மிணி. நாளைக்கு மறுக்கா வேலை குடுக்கறதுன்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போய்க் கேக்கறது?"

அந்த அறையில் ஒருவர்கூட அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நம் ஊரில் அது அவ்வளவு சாதாரணம். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம். துணி போகிற இடத்துக்கெல்லாம், லாட் நம்பர் போடுவதற்கென்று ஒரு லாகினும் கூடவே போகும். வேலை நின்றுபோனால் யாரும் யாரிடமும் 'முடிந்தது' என்று சொல்வதில்லை. 'வாங்க, பாக்கலாம்' என்றுதான் சொல்வார்கள். லாகினை மூடுவது, வந்த மனிதர் முகத்தில் கதவைச் சாத்துவது போல. மரியாதைக்காகவே திறந்து கிடந்த கதவு அது. போதாததற்கு, என்றைக்கோ ஏதோ ஒரு என்ட்ரி ஏறவில்லை என்று அதற்கு எல்லா அறைகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த லாகினின் பாஸ்வேர்டு ஷிப்பிங் மேசைக் கணினியில் சேமித்தபடியே கிடந்தது.

"அதுக்கு மிந்தி?" என்றாய். இடது ஓரத்துக்கு வந்துவிட்டாய். ஷிப்பிங் மேசை. மெயில்.

"அதைத்தானுங்க நான் மொதல்லயே சொன்னேன்," என்றார் முதலாளி. "அவ தொறந்தா."

எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம். நானும்தான். நீ மார்க்கரை மூடவில்லை. கலைவாணியைப் பார்த்து, "அதுக்கு மிந்தி என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டாய். அவளை அத்தனை நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி.

அவள் மெதுவாகச் சொன்னாள். "வெளிநாட்டுப் பையர்கிட்ட இருந்து பேக்கிங் மாறியிருக்குதுன்னு வந்துச்சுங்க. மெயில் ஐடி பாக்கறதுக்கு வேற மாதிரி இருந்துச்சு. சந்தேகப்பட்டு மேனேஜர் சார்கிட்டக் காட்டுனேன். கண்டெய்னரு நிக்குது, பையர் மெயிலப் போட்டு நோண்டிட்டு இருக்காத, தொறன்னு சொன்னாருங்க. தொறந்தேன்."

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீயாடா?" என்ற வார்த்தை பாதி வெளியே வந்துவிட்டது. நீ அதற்குள் குறுக்கே புகுந்தாய். "அவருக்கு மிந்தி ஆருங்க? பையர் மெயிலுக்கு ஒடனே பதில் போகோணும், இல்லீன்னா ஊட்டுக்குப் போயிக்கலாம்னு சொன்னது ஆரு?"

முதலாளி போர்டைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "டீ சொல்லுங்கப்பா" என்றார்.

டீ வந்த பிறகு நீ சொன்னாயே, அதைத்தான் நான்காம் அத்தியாயத்தின் நடுவில் வைத்திருக்கிறேன். "பேரு எழுத ஆரம்பிச்சா எங்கீங்க நிறுத்தறது? அடுத்தது உங்க பேரு வரும், அப்புறம் பையர் பேரு வரும். அந்தப் பேரையெல்லாம் வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க? கதவுன்னா மூடலாமுங்க." அன்றைக்குத்தான் ஆளின் பெயருக்கு நீ இடம் வைக்காத காரணம் எனக்கு விளங்கியது.

முதலாளி மோசமான மனிதர் இல்லை. கலைவாணியைப் பார்த்து, "சரி கண்ணு, நாளையில இருந்து வேலைக்கு வந்துரு" என்றார். அவள் எழுந்து நின்றாள். "இல்லீங்க. பேரு சொல்லித் திட்டுனப்ப ஃப்ளோரே நின்னு வேடிக்கை பாத்துச்சுங்க. இப்ப இந்த ரூமுக்குள்ள நீங்க நாலு பேருதான் இருக்கறீங்க. நான் வரலீங்க." சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். நீ மிச்சத் துணியைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, பின்னாலேயே ஓடிப்போய், கேட்டுக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தாய். "எங்ககூட வர்றீங்களா?" என்று கேட்டாய். வந்துவிட்டாள். அதன் பிறகு கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அவள்தான் முதலில் படித்தாள். அவள் நெற்றியைச் சுருக்கினால் அந்த வரியை நான் திரும்ப எழுத வேண்டும்.

அந்தக் கையேடு முடிகிற சமயத்தில்தான் உனக்கு உடம்புக்கு வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உன் படுக்கைக்குப் பக்கத்தில் நானும் உன் அத்தையும் இருந்தோம். நீ கண்ணை மூடியிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து உன் அத்தை என்னிடம் புலம்பினார். "நேரத்துக்கு ஒரு வாய் தின்னாம, அந்தப் பொட்டியவே பாத்துட்டு உக்காந்திருந்தா. சொன்னாக் கேட்டாளா? தானே இழுத்துக்கிட்டா." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "டாக்டருக்கே தெரியாத காரணம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நீ கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

அத்தை எழுந்து போன பிறகு சொன்னாய். "விடுங்க டீச்சர். பயத்துல பேசறாங்க. ஒரு ஆளைக் காட்டிட்டா பயம் கொறையுமுங்க. அந்த மொதலாளியும் அப்பிடித்தான்."

"அதுக்கு உன் மேலயா ட்டி போடுவாவ?"

"நாந்தானுங்க பக்கத்துல இருக்கறேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய் அதை! உன்னால் அப்படிச் சொல்ல முடிந்தது. உனக்குப் பெரிய மனது. எனக்கு அது கிடையாது, வேண்டவும் வேண்டாம். உன் துக்க வீட்டிலும் வந்தவர் போனவர் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். கல்யாணம் பண்ணியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றுகூட ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. அவர் முகத்துக்கு நேராக, "உங்களுக்கு அழத் தெரிஞ்சா அழுங்க, இல்லன்னா எந்திரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். சேவூரில் இன்னும் எனக்குத் துக்க வீட்டில் சத்தம் போட்டவள் என்ற பெயர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். அந்தத் துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதே சென்னையில் இருந்து வீடியோ கால் வந்தது. அங்கே கருவிக்குப் பொறுப்பாக இருக்கிற இளைஞர். நல்ல பையன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். குரலை உயர்த்தவே மாட்டார்.

"மேடம், சாப்டர் ஃபோர் ரொம்ப நல்லா இருக்கு. நானே படிச்சேன். ஆனா கஸ்டமர் கேக்குற முதல் கேள்வியே 'யாரு'தான். அதுக்குப் பதில் சொல்லாத டூலை எப்படி விக்கிறது?"

"அவங்க கேக்கறது யாருன்னுதான். அவங்களுக்கு வேண்டியது எப்படிங்கறது," என்றேன்.

"மேசை தெரிஞ்சா ஆள் தெரிஞ்சுடும். அப்புறம் பேரைப் போடுறதுல என்ன மேடம்?"

நியாயமான கேள்விதான். நானும் உன்னிடம் அதையே கேட்டவள். "தெரிஞ்சுடும். ஆனா அவரே எந்திரிச்சுப் போய்த் தேடணும். தேடிப் போற வழியில மத்த கதவெல்லாம் கண்ணுல படும். உச்சியில சிவப்புல பேரைப் போட்டா அதோட பேப்பரை மூடி வெச்சுருவாரு. கதவெல்லாம் அப்படியேதான் கெடக்கும். அடுத்த மாசம் திருடன் திரும்பவும் வருவான், அப்ப இன்னொரு பிள்ளை சுவரோரமா நிக்கும்."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒரு சாம்பிள் பண்ணியிருக்கோம், பாருங்க. பார்த்தா உங்களுக்கே பிடிக்கும்" என்று திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். நம் அம்புக்குறிகள்தான். நம் வரிகள்தான். உச்சியில் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை. அதில் எழுதியிருந்த பெயர், கலைவாணி.

என் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் கலைவாணி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது.

"இந்தப் பேரை எங்க புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு பேர் வேணும்ல மேடம். உங்க டீம்ல இருந்து ஒண்ணு எடுத்தேன்."

அவருக்குத் தெரியாது. அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் பார், பெயர் போட ஒரு இடத்தைத் திறந்துவிட்டால் கைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயர்தான் அதில் போய் விழுகிறது. நீ ஆஸ்பத்திரிப் படுக்கையில் சொன்னது இதைத்தான்.

கலைவாணி நாற்காலியை இழுத்துக் கேமராவுக்கு முன்னால் வந்தாள். "அது நாந்தானுங்க சார். ஒருக்கா ஏற்கெனவே என் பேரை இப்பிடித்தான் போட்டாங்க. அப்பவே எனக்குப் போதும்னு ஆயிருச்சுங்க."

அவர் பாவம், அந்தப் பெயரை உடனே அழித்தார். "சாரிங்க, சாரி. இதோ, வேற பேர் போட்டுடறேன்" என்றார்.

"வேற பேருன்னா வேற யாரோடது?" என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தைத் திரையில் இருந்து எடுத்துவிட்டார். பிறகு, "மேடம், கையேடு இன்னைக்கு வெளியாகணும். நீங்க எழுதித் தரலைன்னா, யார் மறுத்தாங்கன்னு நான் மேல எழுதணும். ஒரு பேர் குடுக்கச் சொல்வாங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

"குடுக்கறேன். எழுதிக்கிட வேண்டாம், கையேட்டுலயே பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு அழைப்பை முடித்துவிட்டேன்.

எனக்கு வேலை போகலாம். தெரியும். நல்லூரில் அந்தப் பள்ளி இன்னும் இருக்கிறது. வாசலில் வண்டிகளும் இருக்கும், போர்டு எழுதப் போகிறேன். ஆனால் கையேட்டை வெளியிடுகிற பொத்தான் இன்று மாலைவரை என் கணினியில்தான் இருக்கிறது. ஏமாந்தவர் பெயரைக் கேட்காமல் எழுதிய கையேட்டை, அப்படியே அனுப்ப என்னால் முடியும்.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு புள்ளியைக்கூட எடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் இரண்டு வரி சேர்த்தேன். 'இந்தக் கருவி எந்த ஊழியரின் பெயரையும் காட்டாது. ஏன் காட்டவில்லை என்று கேட்க விரும்புகிறவர்கள் கீழே உள்ளவரைக் கேட்கலாம்.' அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். தமிழில், முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்து.

வழக்கம்போலக் கலைவாணிக்குப் படிக்கக் கொடுத்தேன். நெற்றியைச் சுருக்கினாள். "கீழே உள்ளவர்களைன்னு மாத்துங்கக்கா" என்றாள்.

"ஏன்?"

"என் பேரையும் போடுங்க. சிவப்புலயே போடுங்க."

போட்டேன். இரண்டு பெயரையும் சிவப்பில் போட்டேன். பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். கருவி வைத்திருக்கிற எல்லாக் கம்பெனிகளுக்கும் கையேடு போய்விட்டது. நாளைக்கு அவர்கள் அதை மாற்றலாம். அதற்கும் யாராவது உட்கார்ந்து, நம் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் அழிக்க வேண்டும். படிக்கட்டும்.

அந்தக் கடுகு நிறத் துணியை என் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன், இங்கே விட்டுப் போகமாட்டேன். உன் கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. எவராவது ஒருவரைச் சுட்டிக்காட்டினால் எனக்கு இப்போதெல்லாம் வாய் தானாக அதைக் கேட்டுவிடுகிறது, அதுவும் உன் ஊர்ப் பேச்சிலேயே.

நாளைக்குச் சென்னையில் இருந்து கூப்பிடுவார்கள். இந்த இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு, இவர்களுக்கு முன்னால் யார் என்று தேடிக்கொண்டு வருவார்கள். வரட்டும் ட்டி. உன் பெயரை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் வாயால் சொல்கிறேன்.